மாமாவின் கை ஆறாத கதை

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு கைப்புண்ணை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அம்மா பார்த்தாள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்தார், கம்பெனி டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்த அத்தனை பேரும் தப்பாகத்தான் பார்த்தார்கள். புண் எப்படி வந்தது என்பதைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு என்பதால் கண்டது என்ன என்று தெரியவில்லை.

ஹைதராபாத்தின் குஷாய்குடாவில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு மின்னணுக் கம்பெனியில் சேர்ந்து, லோன் போட்டு மனை வாங்கி, முன்பக்கம் வீட்டைக் கட்டி, பின்பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, ரிடையர் ஆவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பின்பக்கத்தை நாங்கள் தோட்டம் என்று சொல்லிக்கொண்டோம். பார்க்க வந்தவர்கள் புதர் என்று நினைத்துக்கொண்டு, சொல்லாமல் போனார்கள். வேப்பமரம் ஒன்று இருந்தது. துவைக்கிற கல்லை ஒட்டிக் கற்பூரவல்லி, சமையலறைத் தண்ணீர் போகிற வழியில் மஞ்சள், உடைந்த வாளி ஒன்றில் சோற்றுக்கற்றாழை. கால் வைக்கிற இடமெல்லாம் குப்பைமேனி. மதில் மூலையில் ஓர் எருக்கு. எருக்கை யாரும் நட்டதில்லை. எந்த இடத்திலும் அது யாரும் நட்டு வருவதில்லை. ரதசப்தமி அன்று தலையிலும் தோளிலும் எருக்கிலை வைத்துக் குளிக்க வேண்டுமே, அதற்காக விட்டு வைத்திருந்தோம். அந்த ஒரு நாள் காலையில் தெருவிலிருக்கும் தெலுங்குக் குடும்பங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் இலை பறிக்க வரும். வருஷத்துக்கு ஒரு நாள் மரியாதை கிடைக்கிற ஆட்கள் உண்டல்லவா, அந்த மாதிரிச் செடி.

தாத்தா போன பிறகு வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அப்பா, நான், அம்மாவின் தம்பியான மாமா, அந்த இரண்டு பேருக்கும் தங்கையான சித்தி. அப்பா பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். மாமனார் கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம் என்ற கூச்சம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. எந்தப் பேச்சு வந்தாலும், "உங்க வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

பணியில் இருக்கும்போதே தாத்தா இறந்ததால், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. ஒருவருக்குத்தான். அது யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளலாம். அம்மா கல்யாணமாகிப் போனவள், அந்தக் கணக்கில் இல்லை. மிச்சம் இரண்டு பேர். சித்தி எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். வீட்டு ரேடியோவைப் பிரித்துப் பூட்டுவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. பூட்டிய பிறகு ஒரு திருகாணி மிஞ்சும். ரேடியோ முன்னைவிட நன்றாகப் பாடும். மாமா பி.காம். பாதியில் கல்லூரியிடம் விடைபெற்றுக்கொண்டு, நாச்சாரத்தில் ஒரு ஸ்கூட்டர் ஷெட்டில் உஸ்தாதுக்கு, அதாவது தலைமை மெக்கானிக்குக்கு, கையாளாக இருந்தார். இந்த இருவரில் மின்னணுக் கம்பெனிக்கு யார் போக வேண்டும் என்று தெருவில் போகிறவரைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார். தெருவில் போகிறவரை யார் கேட்டார்கள்? அம்மா மாமாவின் பெயரைக் கொடுத்தாள்.

அம்மாவின் நியாயம் இது: "அவளுக்கு வாங்கிக் குடுத்தா, கல்யாணத்தோட அப்பா வேலையும் மூட்டை கட்டிக்கிட்டு யார் வீட்டுக்கோ போயிடும்."

பாப்பாவே போகட்டுமே என்று மாமா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பாப்பா என்பது சித்தி. அன்று அம்மா சாப்பிடவில்லை. தாத்தா படத்துக்குக் கீழே உட்கார்ந்து, ஆம்பிளைப் பிள்ளை வேண்டாம் என்று உதறின வேலையைப் பொம்பிளைப் பிள்ளைக்குக் கேட்டுக்கொண்டு போய் நிற்க என்னால் முடியாது, அப்படியென்றால் யாருக்குமே வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடலாம் என்றாள். அம்மா சொன்னால் செய்கிறவள். மாமா அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பேச்சு நடந்த நேரமெல்லாம் சித்தி சமையலறை வாசலில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். ரசத்துக்கு ஒரு கொத்துப் போதும். அன்று ஒரு முறம் நிறைய உருவி வைத்திருந்தாள்.

வேலை கைக்கு வர வேண்டுமென்றால் முதலில் கை சரியாக வேண்டியிருந்தது. மாமாவின் கைகள் ஷெட்டில் பெட்ரோலிலும் கிரீஸிலும் ஊறி, சாயங்காலம் சோப்புத்தூளில் தேய்பட்டு, ஹைதராபாத் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் வெடித்துக் கிடந்தன. விரல் இடுக்கெல்லாம் சிவந்து அரிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே மாமா கையைத் தொடையில் தேய்த்துக்கொள்வார். கம்பெனியில் சேருவதற்கு முன் மெடிக்கல் உண்டு. பொடிப்பொடிப் பாகங்களைத் தொடுகிற வேலை, கையில் தோல் வியாதி இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று அம்மா விசாரித்துக்கொண்டு வந்தாள். ஷெட்டுக்குப் போகக் கூடாது என்று மாமாவுக்கு உத்தரவு. கையை ஆற்றுகிற பொறுப்பு சித்திக்கு.

தனக்கு இல்லை என்று ஆகிவிட்ட வேலைக்கு அண்ணன் கையைத் தயார் செய்கிற வேலை சித்திக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அதில் விசேஷமாக எதுவும் தோன்றவில்லை. வீட்டில் களிம்பு காய்ச்சுகிறவள் அவள்தானே.

சித்திக்குக் களிம்பு காய்ச்ச யாரும் சொல்லித் தரவில்லை. வாரப் பத்திரிகையில் வந்த குறிப்பு, ஆன்ட்டி சொன்ன பக்குவம், அவளாகவே கெடுத்துக் கற்றுக்கொண்டது, எல்லாம் சேர்ந்ததுதான். இலைகளைக் கழுவி நிழலில் துணிமேல் பரப்பிவிடுவாள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் களிம்பு பூசணம் பிடிக்கும் என்பாள். வேப்பிலை, குப்பைமேனி, கற்பூரவல்லி, பச்சை மஞ்சள். குப்பைமேனியை வேரோடு பிடுங்குகிற நாளில் தெருப்பூனை ஒன்று எங்கிருந்தோ வந்து அந்த வேரில் முகத்தைத் தேய்த்துப் புரளும். அதைத் துரத்துவது என் வேலை. நான் அதைச் சரியாகச் செய்ததில்லை. ஒன்றிரண்டாக இடித்த இலைகளைத் தேங்காயெண்ணெயில் போட்டு, இரும்புச்சட்டியில் சின்னத் தணலில் வைப்பாள். முதலில் சடசடவென்று சத்தம் போட்டு நுரைக்கும். சத்தம் அடங்கி நுரை கரைந்து, இலை விரலில் நொறுங்குகிற பதம் வந்தால் இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவாள். சூடு ஆறுவதற்குள் தேன்மெழுகைச் சீவிப் போட்டுக் கலக்குவாள். தட்டின் பின்புறத்தில் ஒரு சொட்டு விட்டு, அது உறைவதைப் பார்ப்பாள். ஓடினால் இன்னும் கொஞ்சம் மெழுகு. கல்லானால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். கொஞ்சம் ஆறியதும் கறுப்பு நிற பிலிம் ரோல் டப்பாக்களில் ஊற்றி வைப்பாள். தெருமுனை ஸ்டூடியோக்காரர் குப்பையில் போடுகிற டப்பாக்களை நான் கேட்டு வாங்கி வருவேன். போட்டோ எடுத்தால் காலி டப்பா, களிம்பு ஊற்றினால் சித்தி டப்பா.

அந்த டப்பா எங்கள் தெருவில் நாலு வீட்டில் இருந்தது. ஆன்ட்டியின் குதிகால் வெடிப்பு அதில்தான் மூடியது. மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் "போய்ட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது, சொன்னால் வியாதியும் திரும்பி வரும் என்று அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஆன்ட்டி தெலுங்கில் சொன்னால் அந்தத் தோஷம் உண்டா இல்லையா என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு.

சித்தியின் முறை ஒன்று இருந்தது. டிப்ளமோவில், ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதே, ஒவ்வொரு பாகமாக எடுத்துப் பார் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். களிம்பிலும் அப்படித்தான். ஒருமுறைக்கு ஒரு பொருளைத்தான் மாற்றுவாள்.

மாமாவின் கை அந்தக் களிம்புக்கு நன்றாகவே கேட்டது. சாயங்காலம் துவைக்கிற கல்மேல் இரண்டு பேரும் உட்காருவார்கள். சித்தி விரல் விரலாகத் தடவுவாள். பாப்பா, இதை ரொட்டியில தடவிச் சாப்பிடலாம் போல இருக்கே என்பார் மாமா. தடவிக்கோ, அரிக்காத ரொட்டி கிடைக்கும் என்பாள் சித்தி. சிவப்பு வடிந்து தோல் உரிந்து, உள்ளேயிருந்து புதுத் தோல் வந்தது. அம்மா தினமும் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருப்தியானாள். இப்போதே வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிற கைகளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

மெடிக்கலுக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது கை திரும்பவும் வெடித்தது. இந்த முறை கொப்புளம். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, ஆறின பிறகு வா என்று அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு ஷெட்டின்மேல் சந்தேகம். திருட்டுத்தனமாகப் போய்வந்தாயா என்று கேட்டாள். எட்டிப் பார்த்தேன் என்று மாமா ஒத்துக்கொண்டார். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக, உஸ்தாதின் பெட்ரோலைக் கையில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாயே என்று அம்மா திட்டித் தீர்த்தாள். நல்ல வேளையாக டாக்டர் இன்னொரு தேதி கொடுத்திருந்தார். அதுதான் கடைசி என்றும் சொல்லியிருந்தார்.

சித்தி மறுபடி ஆரம்பித்தாள். கற்பூரவல்லியை நிறுத்திப் பார்த்தாள். கொப்புளம் வந்தது. மஞ்சளை நிறுத்தினாள். கொஞ்சம் ஆறி, மறுபடி வந்தது. குப்பைமேனியை நிறுத்தினாள். வெறும் எண்ணெயும் மெழுகுமாகத் தடவினாள். அதற்கும் கொப்புளம் வந்தது. எல்லாப் பாகத்தையும் எடுத்துவிட்ட பிறகும் கெட்டுப் போகிற சர்க்யூட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை. சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்பக்க மதிலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா மட்டும் நம்பிக்கை விடவில்லை. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு என்பார்கள், இவன் கை மருந்தை விருந்தாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று ஆன்ட்டியிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வருஷம் ரதசப்தமி அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. இலை பறிக்க வந்தவர்கள் எல்லாம் போய், நான் குளிக்க வேண்டிய முறை வந்தபோது, எனக்கு வைத்திருந்த இலைகளைக் காணோம். பூனைமேல் பழியைப் போட்டுவிட்டு, வேறு இலை பறிக்கப் பின்பக்கம் போனேன்.

எருக்கஞ்செடி அருகில் மாமா குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு காம்பை ஒடித்து, அதிலிருந்து சொட்டுகிற பாலை இடது கையின் புறங்கையில், விரல் இடுக்குகளில், பொட்டு வைப்பதுபோல வைத்துக்கொண்டு வந்தார். முடித்துவிட்டு வேறு காம்பை ஒடித்தார். வலது கைக்கு. அவசரம் எதுவும் இல்லை. ஸ்கூட்டருக்கு எண்ணெய் விடுகிற முகம். பல்லை மட்டும் கடித்துக்கொண்டிருந்தார்.

தெருப்பிள்ளைகளோடு பேசிப் பழகின வாயாச்சே, "கைக்கு மாமா?" என்று கேட்டேன். எதற்கு என்று எங்கள் ஊர் ஹிந்தியில் கேட்பது அப்படித்தான்.

மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் இளகியது. "ஆமா, கைக்குத்தான்" என்றார். முள் ஏறியிருக்கிறது, எருக்கம்பால் வைத்தால் வெளியே வந்துவிடும், அம்மாவிடம் சொல்லாதே, முள் என்றால் பயந்துவிடுவாள் என்றார். பாலைத் தொட்ட கையால் என்னைத் தொடக் கூடாது என்று முழங்கையாலேயே என்னைத் தள்ளி, இலையை மட்டும் பறித்துக் கொடுத்தார்.

முள்ளுக்கு எருக்கம்பால் வைப்பது எனக்கும் தெரியும். என் குதிகாலில் வைத்திருக்கிறார்கள். அதனால் சந்தேகப்பட எதுவும் இல்லை. அம்மாவிடம் சொல்லாதே என்றார், சொல்லவில்லை. சித்தியிடம் சொல்லாதே என்று யாரும் சொல்லவில்லையே. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அடுப்படியில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தவளிடம், மாமாவுக்கு முள் குத்திவிட்டது, எருக்கம்பால் வைத்துக்கொண்டார் என்று சொன்னேன். எனக்கு வீட்டுச் செய்தி எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அது இன்றைக்கும் அப்படித்தான்.

"எந்தக் கை?" என்றாள் சித்தி, கரண்டியை எடுக்காமல்.

"ரெண்டும்."

சித்தி கரண்டியை நிறுத்தினாள். சட்டியில் இலை கறுத்துக்கொண்டு வந்தது. கருகுது சித்தி என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. அதுவரை அவள் கையில் ஒரு சட்டி கருகி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வழக்கம்போல இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்கள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் பின்வாசல் படியில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். மாமாவின் கைகள் சிவந்து உப்பியிருந்தன.

"ரெண்டு கையிலயும் முள்ளாமே" என்றாள் சித்தி.

மாமா என்னைப் பார்த்தார். நான் வாய்ப்பாட்டைப் பார்த்தேன்.

"போன தடவையும் முள்ளுதானா?"

"போன தடவை பாதி பெட்ரோல்" என்றார் மாமா.

சித்தி சிரிக்கவில்லை. "நான் உன்கிட்ட கேட்டேனா அண்ணா?"

"நீ எங்க கேப்பே. கறிவேப்பிலைதான் உருவுவே."

மாமாவே மேலே சொன்னார். கம்பெனி மேசைக்கு முன்னால் என்னால் ஒரு நாள் உட்கார முடியாது பாப்பா, மூச்சு முட்டிவிடும் என்றார். நான் வேண்டாம் என்று சொன்னால் அக்கா யாருக்கும் இல்லாமல் செய்துவிடுவாள், டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் அவளால் என்ன செய்ய முடியும், அடுத்த பேரு உன் பேருதானே என்றார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நன்றாக யோசித்துச் செய்த காரியம் என்ற பெருமை.

"டாக்டர் உன்னை வேண்டாம்னு சொல்லுவாரு. மத்தவங்க என் களிம்பைக் குத்தம் சொல்லுவாங்க" என்றாள் சித்தி.

மாமா அதை யோசிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சித்தி கற்றாழை மடலைக் கீறி அதன் சோற்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிறகு டப்பாவைத் திறந்தாள். எரியுதா என்று கேட்டாள். இல்லை என்றார். பொய் சொல்லாதே என்றாள். ஒரு முள்ளுக்காக இவ்வளவு பேச்சா என்று எனக்கு அலுப்பாக இருந்தது. எனக்கு எட்டாம் வாய்ப்பாடு வேறு நிற்கவில்லை.

கடைசி மெடிக்கலில் மாமாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று வீட்டில் சமையல் நடந்தது, சாப்பாடு நடக்கவில்லை. டாக்டர், நாட்டு மருந்து ஏதாவது தடவுகிறாயா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று அம்மாவே முந்திக்கொண்டு பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், கூடப் போயிருந்தாளே. அதை முதலில் நிறுத்துங்கள் என்றிருக்கிறார் அவர். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், சித்தியைக் கூப்பிட்டு, "உன் கைமருந்து என் தம்பி கையைத் தின்னுடுச்சுடி" என்றாள். ஷெல்பிலிருந்த டப்பாக்களை அம்மா ஒரு பையில் வாரிப் போட்டாள்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் மதில்மேல் பிலிம் டப்பாக்கள் வந்து உட்கார ஆரம்பித்தன. கையில் கொடுக்கக் கூச்சப்பட்டவர்கள் மதில்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று அடிவரை வழித்து, துடைத்து எடுத்த காலி டப்பா. இனிமேல் பயப்பட வேண்டும் என்று அந்த வீட்டார் முடிவு செய்யும்போது, பயப்பட எதுவும் மிச்சமில்லை.

தம்பிக்கு இல்லை என்றான பிறகு அந்த இடத்துக்கு யார் என்ற கேள்வி வந்தது. யாருக்கும் வேண்டாம் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அப்பா செய்தித்தாளை இறக்கி, "உங்க வீட்டு விஷயம்தான். ஆனா கம்பெனி குடுத்த தேதி போயிடும்" என்றார். எங்கள் வீட்டில் அப்பா சொல்லி ஒரு காரியம் நடந்தது அது ஒன்றுதான். அம்மா சித்தியின் பெயரைக் கொடுத்தாள். சித்தியின் கைகளில் டாக்டர் குறை சொல்ல எதுவுமில்லை.

அதன் பிறகுதான் தெரு நிஜமாகவே பேசியது. நெருப்பில்லாமல் புகையுமா என்றது. தங்கைக்கு வேலை கிடைக்க வேண்டுமென்றால் அண்ணன் கை வீங்கித்தானே ஆக வேண்டும், என்ன கலந்தாளோ யாருக்குத் தெரியும் என்றது. ஆன்ட்டி இதை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து, நான் நம்பவில்லை, ஊர் சொல்கிறது என்று தெலுங்கில் சொன்னார். அவர் குதிகால் இரண்டும் வழவழவென்று இருந்தன. அல்வாலிலிருந்து சித்திக்கு வந்திருந்த ஒரு சம்பந்தம் அதோடு பேச்சு மூச்சில்லாமல் நின்றது. அம்மா ஆன்ட்டிக்கு மறுப்பும் சொல்லவில்லை, ஆமாமும் சொல்லவில்லை. காபி மட்டும் கொடுத்தாள்.

ஆன்ட்டி போன பிறகு, உள்ளே இருந்த மாமா விருட்டென்று எழுந்து அம்மா இருந்த பக்கம் போனார். சித்தி குறுக்கே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"இப்ப நீ வாயைத் திறந்தா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அப்புறம் உன் கை வெந்தது எதுக்கு? போய் உக்காரு."

மாமா போய் உட்கார்ந்தார். சாதம் வெந்தது எதற்கு என்று கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கை எப்படி வேகும் என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் எருக்கஞ்செடியைப் பெயர்த்தாள். எருக்கின் வேர் லேசில் வராது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேர்க்க வேர்க்கத் தோண்டினாள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆன்ட்டி எட்டிப் பார்த்து, அடுத்த வருஷம் ரதசப்தமிக்கு இலைக்கு எங்கே போவது என்று கேட்டார். பாம்பு வருது ஆன்ட்டி என்றாள் சித்தி. எங்கள் வீட்டில் யாரும் பாம்பைப் பார்த்ததில்லை. ஆனாலும் நான் ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.

சித்தி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். தாத்தா இறங்குகிற அதே இடத்தில் இறங்கி, தாத்தா மாதிரியே கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பாள். சித்தி கேட்டுக்குள் நுழைவதற்குள் உள்ளே போய்விடுவாள். மாமா மறுபடி நாச்சாரத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார். உஸ்தாத் அவரை வேலை செய்யவிடாமல் கல்லாவில் உட்கார வைத்திருந்தார். கை இன்னும் முழுக்க ஆறவில்லை. கட்டைவிரல் அடியில் ஒரு கொப்புளம் உடைந்து, வாய் திறந்தபடி இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சித்தி பஸ்ஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு பின்பக்கம் போனாள். மாமா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். சித்தி கைப்பையைத் திறந்து ஒரு பிலிம் டப்பாவை எடுத்தாள். அம்மா வாரிப் போட்ட பையிலிருந்து எப்போதோ ஒன்றை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். மூடியைத் திறந்து, ஒரு விரலில் எடுத்து, கையை நீட்டு என்றாள். மாமா நீட்டினார்.

எனக்குத் திக்கென்றது. டாக்டரே சொல்லியிருக்கிறார். அம்மா சொல்லியிருக்கிறாள், ஆன்ட்டி சொல்லியிருக்கிறார், மதில்மேல் டப்பா வைத்துவிட்டுப் போன அத்தனை பேரும் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாமாவுக்கு மட்டும் புத்தி வரவில்லையே என்று ஓடிப்போய், அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நக்கோ மாமா, வேண்டாம். அதைப் போட்டுக்காதீங்க. அதனாலதான் உங்க கை கெட்டுப்போச்சு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் மாமாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கியது. சித்தி அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். களிம்பு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லிலிருந்து கீழே சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். அந்த வேலை வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, அது நிற்கவே இல்லை. மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு, பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டார். என்ன அங்கே சத்தம் என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நல்லது சொன்னால் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்லின் மேலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். எருக்கஞ்செடி இருந்த குழி இன்னும் தூராமல் கிடந்தது. அதில் டப்பாவைப் போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஏறி நின்று மிதித்தேன். மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று திருப்தியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், பின்பக்கம் துணி விரித்து வேப்பிலையும் குப்பைமேனியும் காய்ந்துகொண்டிருந்தன. பூனை வந்து புரண்டுகொண்டிருந்தது. சித்தி அடுப்பில் சட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து கெட்டுப்போன கையாலேயே மெழுகு சீவிக்கொண்டிருந்தார். இவர்களுக்கெல்லாம் எத்தனை பட்டாலும் புத்தியே வராதா என்று எனக்குப் புரியவில்லை.